சொட்டு விட்டுப் பார்ப்பவர்

நாம் சொல்வதை எதிரில் இருப்பவர் நம்பவில்லை என்றால் கோபம் வரும். நம்பாததோடு நிற்காமல், கைப்பையைத் திறந்து கண் மருந்து பாட்டில் ஒன்றை எடுத்து, நாம் நீட்டிய பொருளின்மேல் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் என்ன வரும்? எங்கள் லேப் மேடத்தோடு வேலை பார்த்த காலம் முழுக்க எனக்கு அதுதான் வந்துகொண்டிருந்தது. என் கல்யாணமே அந்தச் சொட்டில் வந்து மாட்டிக்கொண்ட நாள் ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அவரைத் தெரியாதவர்களுக்கு நான் அன்று பட்ட பாடு புரியாது, அதனால் முதலில் அவர்.

ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனி. பச்சைத் தோல் ஊறுவது, சுண்ணாம்பில் கிடப்பது, டிரம்மில் சுற்றிச் சுண்ணாம்பு போவது, பிறகு ஆசிட் ஏறுவது எல்லாம் ஈரத்திலேயே நடக்கும். அந்தப் பகுதிக்கு நான் சூப்பர்வைசர். அவர் லேப். ஒரு டிரம் முடிந்தது என்று நான் சொன்னால் முடிந்ததாகக் கணக்கில்லை. அவர் வந்து, தோலில் ரொம்பத் தடிப்பாக இருக்கும் கழுத்துப் பக்கத்தில் கத்தியால் ஒரு துண்டு வெட்டி, வெட்டிய வாயில் மருந்து விட்டுப் பார்ப்பார். மேலே சுண்ணாம்பு போயிருக்கும், நடுவில் நூல் மாதிரி ஒரு கோடு மிச்சம் இருக்கும். மருந்து பட்டதும் அந்தக் கோடு மட்டும் நிறம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும்.

"ஃபுல்லா சுத்தியாச்சு மேடம்" என்பேன்.

"நீங்க சொல்லாதீங்க தம்பி. அது சொல்லட்டும்" என்பார்.

அவருக்கு அப்போது ஐம்பதை ஒட்டிய வயது. ஒல்லி. வெள்ளைக் கோட்டுக்குள் எப்போதும் நூல் சேலை. வணக்கம் வைத்தால் தலையை ஆட்டுவார், அதற்குள் கண் நம் கையில் இருப்பதற்குப் போய்விடும். கம்பெனிக்குள் எதையும் வாயில் வைக்கமாட்டார். டீ குடிக்க வேண்டுமென்றால் ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே போவார், மழை பெய்தாலும். ஆடிட்டுக்கு வெள்ளைக்காரர்கள் வந்த அன்று முதலாளி தன் அறையில் கேக் கொடுத்தபோதுகூட, அதைக் காகிதத்தில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். முதலாளிக்கு முகம் சுருங்கிப்போனது. அந்த அறைக்கும் டிரம்முக்கும் நடுவில் எத்தனை சுவர் இருக்கிறது என்று மேடத்துக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் சாப்பிடமாட்டார்.

ஒரு சாயங்காலம் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று டிரம்காரர் அவசரப்பட்டார். மேடம் வெட்டிப் பார்த்து, "இன்னும் சுத்தணும்" என்று சொல்லிவிட்டார். டிரம்காரர் கையெடுத்துக் கும்பிட்டார், நானும் அவருக்காகப் பேசினேன். வெட்டிய துண்டை என் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். நடுவில் கோடு. அந்த ஆள் அன்றைக்குத் திமிரி வரைக்கும் யார் யார் வண்டியிலோ தொற்றிக்கொண்டு போனார். போகும்போது திட்டினார். மேடம் காதில் விழுகிற தூரத்தில்தான் நின்று திட்டினார். எனக்கும் அதே வார்த்தைகள் வாயில் இருந்தன.

அவர் கைப்பையில் இருந்த கண் மருந்து பாட்டிலுக்குள் இருந்தது கண் மருந்து அல்ல. ஊதா நிற முட்டைகோஸின் சாறு. ஹோட்டல் சாலட்டில் பார்த்திருப்பீர்கள், ஃப்ரைட் ரைஸ் கடையிலும் சிலர் போடுவார்கள். அது அவர் கைக்கு வந்தது ஊரடங்கு சமயத்தில். ஹோட்டல்கள் மூடிக் கிடந்ததால், ஹோட்டலுக்கென்று விளைந்த ஊதா கோஸ் எல்லாம் ஆட்டோவில் ஏறித் தெருத்தெருவாக வந்தது. மலிவாகக் கிடைக்கிறதே என்று வீட்டுக்கு வீடு வாங்கிப் பொரியல் செய்தார்கள். சட்டியைத் திறந்தால் பொரியல் நீலமாக இருந்தது. பேனா மை ஊற்றியது போல நீலம். விஷம் அடித்த கோஸ் என்று தெருவே குப்பையில் கொட்டியது. ஆட்டோக்காரரை அடிக்காத குறை.

மேடத்தின் வீட்டில் மட்டும் பொரியல் ஊதாவாகவே இருந்திருக்கிறது. அன்றைக்கு அவர் சமைத்தது கேன் தண்ணீரில். உடனே போர் தண்ணீரில் கொஞ்சம் வேகவைத்துப் பார்த்திருக்கிறார். நீலம். எலுமிச்சை பிழிந்தால் ரோஜா நிறம். சோப்புத் தண்ணீரில் பச்சை. வெற்றிலைச் சுண்ணாம்பைத் தொட்டால் மஞ்சளுக்கே போய்விட்டது. அதே வாரம் ஆசிட் அளக்கும் கம்பெனி மீட்டரின் கண்ணாடி முனை உடைந்து, சென்னையிலிருந்து மருந்தும் வராமல், நாங்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தோம். உள்ளே ஊறிக்கொண்டிருந்த தோல் யாருக்காகவும் காத்திருக்காது, அழுகிவிடும். மேடம் ஒரு பாட்டில் ஊதாச் சாறோடு வந்து நின்றார். தோலை வெட்டி, சொட்டு விட்டார். ஓரமெல்லாம் ஊதா, நடுவில் பச்சைக் கோடு. எங்கள் கம்பெனி அந்த மாதம் ஓடியது இப்படித்தான்.

"எங்க ஊர் போர் தண்ணியும் நீலமா ஆவுமா மேடம்?" என்று அப்போது கேட்டேன்.

"இந்தப் பக்கம் எல்லா போரும் நீலம்தான் தம்பி. பூமியிலயே சுண்ணாம்பு ஜாஸ்தி. கேன் தண்ணியில அதையெல்லாம் எடுத்துட்றாங்க, அதான் அது ஊதாவாவே நிக்குது."

"அப்ப நல்ல தண்ணியா கெட்ட தண்ணியான்னு இதுல தெரியுமா?"

"தெரியாது. ஆசிட் பக்கமா சுண்ணாம்பு பக்கமானு மட்டும் சொல்லும். உப்பு இருந்தா இதுக்குத் தெரியாது. நாக்குலதான் பாக்கணும்."

ஊரடங்கு முடிந்தது, மருந்து வந்தது, மீட்டரும் வந்தது. ஆனால் கோஸ் சாறு அவர் கைப்பையை விட்டுப் போகவில்லை. நாலு நாளைக்கு ஒருமுறை புதிதாகக் காய்ச்சி வடிகட்டுவார், பழசு நாறும். கூடவே குழந்தைகளுக்கு மருந்து ஊற்றிக் கொடுக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்று வைத்திருப்பார், எவர்சில்வரில் நிறம் தெரியாது என்று. கோடையில் அவர் தெருப் பால்காரர் பால் திரியாமலிருக்கச் சோடா மாவு கலந்திருக்கிறார். நல்ல பாலில் இளம் ஊதாவாக வருகிற சொட்டு, அவர் பாலில் பச்சை கலந்த நீலமாக வந்துவிட்டது.

"மாடு இன்னா தின்னுச்சோ மேடம்" என்றாராம் பால்காரர்.

"மாட்டையும் கூட்டினு வாங்க, பாக்கலாம்" என்றாராம் இவர். தெருவில் பாதி வீடு அந்தப் பாலை நிறுத்தியது. பால்காரர் எங்கள் கம்பெனி கேட்டுக்கே வந்து, சைக்கிளை நடுவில் நிறுத்திக் கத்திவிட்டுப் போனார். அடுத்த மாதமே மேடம் அவரிடம் திரும்பப் பால் வாங்க ஆரம்பித்தார். தினமும் அவர் கண்ணெதிரிலேயே சொட்டு விட்டுத்தான். கோபமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. அந்த மாதிரி ஆளோடு எப்படித்தான் சண்டை போடுவது?

ஒரு மத்தியானத்தை மட்டும் மறக்க முடியாது. சாப்பாட்டு நேரம். தோலின் ஓரம் வெட்டும் ட்ரிம்மிங்கில் வேலை செய்யும் பெண் ஒருத்தி, ஜன்னல் மேடையில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினாள். மேடம் அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தவர், சட்டென்று கையை நீட்டி பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டார்.

"இது உன்னுதா?"

"தண்ணிதான் மேடம். யாரோடதோ."

கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றி, சொட்டு விட்டார். ரத்தச் சிவப்பு. ஃபார்மிக் ஆசிட். வீட்டில் பாத்ரூம் கழுவ யாரோ டிரம் பக்கத்திலிருந்து ஊற்றி வைத்திருக்கிறார்கள். மூக்கைத் துளைக்கிற நெடிதான், ஆனால் எல்லாமே நாறுகிற இடத்தில் ஒரு நெடியை மட்டும் யார் கண்டார்கள்? திருகிய மூடி இன்னும் அந்தப் பெண்ணின் கையிலேயே இருந்தது. யார் வைத்தது என்பது பின்னால் நின்ற ஒருவரின் முகத்திலேயே எழுதியிருந்தது. மேடம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "தண்ணி பாட்டில்ல ஊத்தாதீங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, பாட்டிலோடு லேபுக்குப் போய்விட்டார். மேனேஜர் துருவித் துருவிக் கேட்டபோதும் பாட்டிலைப் பற்றி மட்டும்தான் பதில் சொன்னார். எனக்கு அன்றைக்குத்தான் அவர்மேல் ஒரு பிரியம் வந்தது. ஆனாலும் அதற்குப் பிறகு அவர் பக்கத்தில் வந்தால், டிபன் பாக்ஸை மூடிக்கொள்கிற பழக்கம் எங்கள் எல்லோருக்கும் வந்துவிட்டது.

இப்படிப்பட்டவர் ஒரு நாள் டிரம் பக்கத்தில் தோலை வெட்டிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "எங்க அக்கா பொண்ணு ஒருத்தி இருக்கா தம்பி. உங்களுக்குக் கேக்கலாமான்னு யோசிக்கிறேன்."

"என்னைப் பத்தி விசாரிச்சீங்களா மேடம்?"

"இத்தினி வருஷமா உங்க டிரம்ம பாத்துனுதான இருக்கேன்."

எனக்கு அப்போது முப்பத்தைந்து நெருங்கிக்கொண்டிருந்தது. பெண் கிடைக்காததற்குக் காரணம் நான் இல்லை, எங்கள் ஊர்த் தண்ணீர். தோல் கம்பெனிகள் கழிவை வாய்க்காலில் விட்ட காலத்தில் மண்ணுக்குள் இறங்கிய உப்பு இன்னும் அங்கேயே இருக்கிறது. குளித்தால் உடம்பில் வெள்ளை பூக்கும், குடித்தால் குமட்டும். உப்புத்தண்ணி ஊர் என்று சொல்லிவிட்டால் போதும், தரகர் வேறு பக்கம் திரும்பிவிடுவார். அப்படியும் இரண்டு வீட்டார் வந்தார்கள். எங்கள் பக்கம் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வரும்போது, சம்பந்தம் பிடித்தால்தான் கை நனைப்பார்கள், தண்ணீர் குடித்தாலே சம்மதம் என்று கணக்கு. பிடிக்கவில்லை என்றால் ஒரு வாய் தண்ணீர்கூடத் தொடாமல் எழுந்துவிடுவார்கள். இரண்டு வீட்டாரும் டம்ளரை உதட்டில் வைத்து, முகம் சுளித்து, கீழே வைத்துவிட்டுப் போனார்கள். அம்மா அந்த டம்ளர்களை அன்று முழுக்கக் கழுவாமலே வைத்திருந்தாள்.

மேடத்தின் அக்கா பெண் கணியம்பாடி பக்கம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி ஆபீஸில் வேலை. வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் கோவிலில் வைத்துப் பார்த்துக்கொண்டோம். நிறையப் பேசினாள், என்னையும் பேசவைத்தாள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் என் ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டேன். அவளும் சரி என்று சொல்லிவிட்டாள். வீடு பார்ப்பது மட்டும்தான் மிச்சம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், அம்மா ஒரு கேன் தண்ணீர் வாங்கிப் பாதியைப் பித்தளைத் தவலையில் ஊற்றினாள். பாதி மிச்சமிருந்த கேனைத் தோட்டத்தில் மோட்டார் பக்கத்தில் சாக்குப் போட்டு மூடினாள்.

"அம்மா, வர்றது லேப் மேடம். கண்டுபுடிச்சிடுவாங்க" என்றேன்.

"தண்ணி தண்ணியாதான இருக்கும். அதுல இன்னா கண்டுபுடிக்கிறது?"

"அவங்க கண்டுபுடிப்பாங்கமா. நெலமைய நாமளே சொல்லிடலாம்."

"உள்ளத குடுத்து ரெண்டு வீட்டார் போனது போதாதா? நீ சும்மா இரு. தாலி ஏறிட்டா அப்பறம் யார் தண்ணிய பாக்குறாங்க."

அதற்குள் வாசலில் கார் நின்றுவிட்டது. மேடமும், பெண்ணின் அப்பாவும் இறங்கினார்கள். பெண்ணின் அம்மாவுக்குக் காய்ச்சல், அவளுக்குப் பதிலாகத்தான் மேடம். மேடத்தைக் கோட்டு இல்லாமல் அன்றுதான் பார்த்தேன், பட்டுச் சேலை கட்டியிருந்தார். கைப்பை அதேதான். வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். கூடம் நன்றாக இருக்கிறது என்றார் பெண்ணின் அப்பா. அம்மா தவலையிலிருந்து தண்ணீர் மொண்டு இரண்டு டம்ளரில் வைத்தாள். அவர் டம்ளரைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார்.

மேடம் கைப்பையைத் திறந்தார்.

"இங்கயுமாம்மா?" என்று பெண்ணின் அப்பா நெளிந்தார்.

"எங்கயும்தான் மாமா."

கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, சொட்டு விட்டு, லேசாக ஆட்டினார். ஊதா. அழுத்தமான, சுத்தமான ஊதா. துளிகூட மாறவில்லை. அம்மா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. "ஒண்ணும் ஆவலியே" என்று பெண்ணின் அப்பா சந்தோஷப்பட்டு டம்ளருக்குக் கை நீட்டினார். அந்தக் கூடத்தில் எனக்கும் மேடத்துக்கும் மட்டும்தான் தெரியும், எங்கள் போர் தண்ணீர் என்றால் அது நீலமாகியிருக்க வேண்டும்.

மேடம் அவர் கையை மெல்ல விலக்கினார். "இது போர் தண்ணியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள்: "ஆமாம்மா, நம்ம தோட்டத்து போருதான்."

"அப்ப மோட்டரப் போட்டு ஒரு சொம்பு புடிச்சினு வாங்க தம்பி."

சொம்போடு தோட்டத்துக்குப் போனேன். மோட்டார் சுவிட்சுக்குக் கீழேயே சாக்கு. சாக்குக்குள் பாதிக் கேன். சொம்பை அதில் நிரப்பிக்கொண்டு போனால் மறுபடியும் ஊதாதான், யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது, அவள் எனக்குக் கிடைப்பாள். சாக்கைத் தூக்கிவிட்டேன். கேனின் மூடியில் கையும் வைத்தேன். திடீரென்று எனக்கு எல்லார்மேலும் எரிச்சல் வந்தது. மேடம்மேல், அம்மாமேல், கழிவைத் திறந்துவிட்டவர்கள்மேல், ஒரு டம்ளர் தண்ணீருக்காக இப்படிக் குனிந்து நிற்கிற என்மேல். போனால் போகட்டும் என்று சுவிட்சைப் போட்டேன். குழாயில் காற்று இருமி, தண்ணீர் வந்தது. பிடித்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன்.

கிண்ணத்தைக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றி, சொட்டு விட்டார். நீலம்.

"நீலமாயிடுச்சே. வெசமாம்மா?" என்றார் பெண்ணின் அப்பா.

"வெசமில்ல மாமா. இந்தப் பக்கம் எல்லா போரும் நீலம்தான். தவலையில இருக்கிறதுதான் வேற தண்ணி."

அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அந்தப் பெண்ணின் முகம் ஞாபகம் வந்தது.

மேடம் எழவில்லை. "இருங்க மாமா. உப்பு எவ்ளோ இருக்குதுன்னு கலர்ல தெரியாது" என்று சொல்லிவிட்டு, சொம்பைத் தூக்கி வாய்க்குக் கொண்டுபோனார். முதலாளி கொடுத்த கேக்கை மடித்துப் பையில் வைத்தவர்.

அம்மா பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வாணாம்மா, குடிக்காத. அத நாங்க மாட்டுக்குக்கூட வெக்கிறதில்ல. வயித்தப் பொரட்டும். தவலையில இருக்கிறது கேன் தண்ணிதான், காலையில நான்தான் ஊத்தி வெச்சேன். எம்புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது."

கடைசியில் சொன்னதும் பொய்தான். உண்மை சொல்லும்போதுகூட எனக்காக ஒரு பொய்யைச் சேர்த்துக்கொண்டாள். அவள் பிடித்து இழுத்ததில் சொம்புத் தண்ணீர் மேடத்தின் பட்டுச் சேலையில் சிந்தியது. மேடம் அம்மாவின் முகத்தையே பார்த்தார். டிரம் பக்கத்தில் வெட்டிய தோலை எப்படிப் பார்ப்பாரோ அப்படி, அவசரமே இல்லாமல் பார்த்தார். பிறகு சொம்பைக் கீழே வைத்தார், ஒரு துளி நாக்கில் படாமல். ஒருவர் வாயால் சொன்னதைக் கேட்டு அவர் சோதனையைப் பாதியில் நிறுத்தி நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

"உக்காருங்கம்மா" என்று அம்மாவைத் தன் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தார். முதலில் வைத்த டம்ளரை, அந்தக் கேன் தண்ணீர் டம்ளரை எடுத்தார். அண்ணாந்து மடமடவென்று முழுசாகக் குடித்துவிட்டு, காலி டம்ளரைக் கீழே வைத்தார்.

"இன்னாம்மா, கை நனைச்சிட்டியே" என்றார் பெண்ணின் அப்பா, நின்றபடியே.

"நனைச்சிட்டேன். நம்ம வீட்டுல மட்டும் இன்னா மாமா, கெணத்துத் தண்ணியா குடிக்கிறோம்? நாமளும் கேன்தான வாங்குறோம். இவங்க சொல்லிட்டாங்க, நாம சொல்லல. உக்காந்து குடிங்க."

அவர் என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். துண்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, டம்ளரை எடுத்தார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தவள், தவலைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"இன்னாடா மரமாட்டம் நிக்கிற? கேன்காரனுக்குப் போன் போடு. சமையலுக்குத் தண்ணி பத்தாது."